டோலமைட் மலையில் தங்க ஒர்ட்டிசேயா, கோர்ட்டினாவா?

வடஇத்தாலியின் டோலமைட் மலை என்றதும் எல்லோரும் சொல்வது கோர்ட்டினா தம்பெட்ஸோவைத்தான். 1956 ஒலிம்பிக் நடந்த ஊர். 2026-இல் மிலானோடு சேர்ந்து மறுபடியும். நாங்கள் பெரும்பாலான நாட்கள் தங்கியது கார்டேனா பள்ளத்தாக்கில் இருக்கும் ஒர்ட்டிசேயில். கோர்ட்டினாவில் ஒரே ஓர் இரவு. அடுத்த முறையும் ஒர்ட்டிசேதான்.

இரண்டுமே சுமார் 1,200 மீட்டர் உயரம். மலைக்காட்சியில் கோர்ட்டினாவுக்கு ஒரு படி கூடுதலாகவே தருவேன். டோஃபானாவும் கிறிஸ்டல்லோவும் ஊரை வளைத்து நிற்கின்றன.

ஆனால் கார் ஓட்டாதவர்களுக்குப் பஸ்தான் கணக்கு. இரண்டு ஊருக்கும் இன்று ரயில் இல்லை. இருந்த பாதைகளை 1960-இலும் 1964-இலும் மூடிவிட்டார்கள். ஒர்ட்டிசேக்கு மாகாணத் தலைநகர் போல்சானோவிலிருந்து நேர் பஸ், ஏறத்தாழ ஒரு மணி நேரம். விடுதியில் கொடுத்த சவுத் டிரோல் கெஸ்ட் பாஸைக் காட்டினால் (சவுத் டிரோல் என்பது போல்சானோ மாகாணத்தின் இன்னொரு பெயர்) மாகாணம் முழுக்கப் பஸ்ஸுக்கும் உள்ளூர் ரயிலுக்கும் தனிக் காசு இல்லை. காலையில் மழை பிடித்தால் அப்படியே போல்சானோவுக்கு இறங்கிவிடலாம். இதே பாஸ் கோர்ட்டினா விடுதிகளில் கிடைக்காததற்குக் காரணம் பழைய எல்லைக்கோடு. இரண்டும் இந்த மலைப்பகுதியின் பழைய மொழியான லடின் பேசும் ஊர்கள், முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியாவின் டிரோலில் இருந்தவை. 1923-இல் கோர்ட்டினாவை பெல்லூனோ மாகாணத்தில் சேர்த்தார்கள். தன்னாட்சி பெற்ற போல்சானோ மாகாணத்தோடு சேர வேண்டும் என்று 2007-இல் அவ்வூர் மக்கள் வாக்களித்தும் கோடு நகரவில்லை.

அந்தத் தன்னாட்சியின் பலன் ஒர்ட்டிசே தெருவிலும் தெரிகிறது. ஊர்ப்பெயர்ப் பலகையிலேயே மூன்று பெயர்: இத்தாலியத்தில் ஒர்ட்டிசே, ஜெர்மனில் சாங்க்ட் உல்ரிஹ், லடினில் உர்ட்டிஜேய். பள்ளியில் பாதிப் பாடம் இத்தாலியத்தில், பாதி ஜெர்மனில், வாரத்தில் சில மணி நேரம் லடின். நூற்றாண்டுகளாக மரச்சிற்பம்தான் இங்கே குலத்தொழில். ஒரு பட்டறை வாசலில் ஒரு புனிதர் சிலை: முகம் வழுவழுப்பாக முடிந்துவிட்டது, அங்கியில் இன்னும் உளித்தடம் வரிவரியாக. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

பனிக்காலத்தில் நான் போனதில்லை, ஸ்கீக்காகப் போகிறவர்கள் என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கோடையில் நடக்கப் போகிறவர்கள் அறை பதியும் முன்பே அந்தப் பாஸ் உண்டா என்று கேளுங்கள். எல்லா விடுதியும் தருவதில்லை. ஒர்ட்டிசேக்கு மேலே இருக்கும் செசேடா மலைக்கு ஏறும் ரோப்கார் அதில் சேராது, தனி டிக்கெட்தான்.