சீ மொழியில் அடுக்கை எடுக்க எனக்கு ஃப்ரெக்ஸ்ப்தான்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மோட்டார் அதிர்வை அளக்கும் கருவிக்குச் சில வருடங்களாக நிரல் எழுதி வருகிறேன். தோட்டத்துக்குள் லைன் சரியாகக் கிடைக்காது; சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். ஒரு தொகுதி அளவுகளில் பெரியது எதுவோ, அதன் அடுக்கை, அதாவது அது 2இன் எத்தனையாவது அடுக்கு அளவில் இருக்கிறது என்பதை, ஒருமுறை அனுப்புவோம். மற்றதெல்லாம் அதற்கேற்ப 16 பிட் முழு எண்ணாகப் போகும். 32 பிட் ஃப்ளோட்டாக (float, தசம எண் வகை) அனுப்புவதைவிட ஏறக்குறைய பாதி மிச்சம்.

இந்த அடுக்கை எடுக்கும் வழிகளில் நான் நம்புவது ஃப்ரெக்ஸ்ப் (frexp), எண்ணைப் பின்னமாகவும் 2இன் அடுக்காகவும் பிரிக்கும் சார்பு. சீ மொழியின் 1989 தரத்திலேயே இருக்கிறது. 8.0 கொடுத்தால் 0.5, அடுக்கு 4 என்று பிரித்துத் தரும். பின்னப் பகுதி எப்போதும் 1க்குக் கீழேதான். அதனால் எண்ணை எல்டிஎக்ஸ்ப் (ldexp, 2இன் அடுக்கால் பெருக்கும் சார்பு) வைத்து 15 கழித்தல் அடுக்கு என்ற அளவுக்கு நகர்த்தினால், 32768ஐத் தொடவே தொடாது. தசமத்தை வெட்டி முழு எண்ணாக்குங்கள். அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றினால் உச்சத்தில் 32768 வந்து 16 பிட்டை மீறிவிடும்.

1999 தரத்தில் வந்த ஐலாக்பி (ilogb, இதுவும் அடுக்கைத் தரும் சார்பு) அதே 8.0க்கு 3 என்று சொல்லும். இரண்டையும் ஒரே நிரலில் கலக்காதீர்கள். மோட்டார் நின்று தொகுதி முழுக்கப் பூஜ்யம் வந்தால் ஃப்ரெக்ஸ்ப் அடுக்கையும் பூஜ்யமாகவே தரும், வேலை தொடரும். ஐலாக்பியோ முழு எண் வகையின் அடிமட்ட மதிப்பையோ அதற்கு ஒன்று மேலேயுள்ளதையோ திருப்பும். அதை 15இலிருந்து கழித்தால் எண் எல்லையை மீறிவிடும்.

கூட வேலை செய்யும் தம்பி கேட்டார்: "அண்ணே, லாக்2 எடுத்து ஃப்ளோர் போட்டால் போதாதா?" போதாது. லாக்2 என்பது 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை; ஃப்ளோர் அதைக் கீழுள்ள முழு எண்ணாக்கும். 8க்குச் சற்றே கீழே இருக்கும் அடுத்த டபுள் (double, 64 பிட் தசம எண்) எண்ணை எடுங்கள். ஃப்ளோர் உண்மையில் தர வேண்டிய விடை 2. ஆனால் லாக்2 மதிப்பு 3.0 என்று முழுதாகிவிடுவதால் ஃப்ளோரும் 3 என்கிறது.

பிட்களை நேரடியாகப் பிரிப்பது வேகமான வழிதான். ஃப்ளோட்டில் 8 பிட் அடுக்கு, அதிலிருந்து 127 கழிக்க வேண்டும். டபுளில் 11 பிட், 1023. சுட்டியின் (pointer) வகையை மாற்றிப் படிக்காமல் மெம்காப்பி (memcpy, பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் சார்பு) செய்தால் மொழி விதியும் மீறாது. ஆனால் மிகச் சிறிய ஃப்ளோட்டில் சறுக்கும்: உண்மையான அடுக்கு -149 ஆக இருக்க, இந்த வழி -127 என்று காட்டும். இந்த எண்களையெல்லாம் தனியாகக் கவனிக்க நேரம் இருக்கிறவர்கள் எழுதட்டும்.

அப்புறம், கருவிகளுக்குள் வைக்கும் இஎஸ்பி32 (ESP32) மாதிரிச் சில்லுகளில் ஃப்ளோட் கணக்குக்கு மட்டுமே வன்பொருள் உண்டு. அங்கே கடைசியில் எஃப் சேர்த்த ஃப்ரெக்ஸ்ப்எஃப்பையே (frexpf) அழையுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் டபுளாகி மென்பொருளில் ஊர்ந்து போகும்.