‘ஃபுல் பாலி புஷ்’ என்று 36,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கண்ணாடி ஒட்டும் பசையை ஊற்றிக் கொடுத்த கேரேஜ்

ட்ராக் டே, அதாவது ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டும் நாளுக்கென்று பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ‘ரேஸ் செட்டப்’ செய்து தருகிறேன் என்று ஒரு கேரேஜ் என் மாருதி எஸ்டீமில் செய்த வேலை இது. புஷ் என்பது இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்க வைக்கிற ரப்பர் அல்லது பாலியூரித்தேன் வளையம்; பாலியூரித்தேன், சுருக்கமாக பாலி, ரப்பரைவிடக் கெட்டி. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்கும் இன்ஜினைத் தாங்கும் மவுண்டுக்கும் பாலியூரித்தேன் புஷ், ஸ்டீயரிங் ரேக்குக்குப் புது மவுண்டிங் புஷ், கியர் லிங்கேஜுக்குப் புது புஷ் என்று பேச்சு. கழற்றிப் பார்த்தபோது அந்த நான்கில் ஒன்றுதான் சொன்னபடி ஒழுங்காக இருந்தது. கேரேஜ் பெயரை இப்போது போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் வேலையின் அடையாளங்களைச் சொல்கிறேன், அதே கை பட்ட கார் என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கார் 2003 மாடல் எஸ்டீம். 1.3 லிட்டர் ஜி13பி இன்ஜின், எடை குறைவு, பார்ட்ஸ் இன்னும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் ட்ராக்கில் சலூன் ரேஸ் என்றாலே எஸ்டீம்கள்தான் வரிசை கட்டி நிற்கும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி 2.1 கிலோமீட்டர் ட்ராக்குக்கு இந்தக் கார் தாராளம். பிரச்சினை வயதுதான். இருபது வருட ரப்பர் எல்லாம் வெடித்துப்போயிருந்தது.

புஷ் சின்னச் சாமான் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரேக்கை மிதிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிற விசையில் பெரும்பங்கை லோயர் ஆர்மின் பின்புஷ்தான் தாங்குகிறது. அந்த ரப்பர் செத்திருந்தால் ஆர்ம் பின்னால் நகரும், டோ, அதாவது சக்கரம் பார்க்கும் திசை, மாறும், கார் தன் இஷ்டத்துக்கு மூக்கைத் திருப்பும். ஸ்டீயரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரேக்கை பாடியோடு கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கும் இடத்திலும் ரப்பர் உண்டு. அது தளர்ந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் ரேக் நகரும், அப்புறம்தான் சக்கரம் திரும்பும். இன்ஜின் மவுண்ட் தொய்ந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறபோதும் விடுகிறபோதும் இன்ஜின் முன்னும் பின்னும் உருளும், கூடவே கியர் லீவர் ஆடும், மூன்றாவது கியர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ரோட்டில் இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லை. ட்ராக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் நேரம் போகும், சில சமயம் கார் மண்ணுக்குள் போகும்.

சரி, கேரேஜ் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் பளபளவென்று வீடியோ, சுவர் முழுக்க ஸ்டிக்கர், ஓனர் எல்லோரையும் ‘ப்ரோ’ என்று கூப்பிடுவார். “ஆஸ்திரேலியா செட் ப்ரோ, அங்கே பழைய ஸ்விஃப்டுக்குப் போடுறது, எஸ்டீமுக்கு அப்படியே உட்காரும்” என்றார். நம்பக்கூடிய பேச்சுதான். சுசுகியின் அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் ஆஸ்திரேலியாவில் ஓடியவை, அங்கே பாலி புஷ் செய்கிற நல்ல கம்பெனிகளும் இருக்கின்றன. லோயர் ஆர்ம் புஷ் 9,000, மவுண்ட் ஒன்றுக்கு 4,500 வீதம் மூன்று, ரேக் புஷ் 3,500, கியர் லிங்கேஜ் புஷ் 2,500, கூலி 8,000. எல்லாம் ‘எஸ்டிமேட்’ என்று மேலே அச்சடித்த ஒரு தாளில். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, “பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் ஏறும் ப்ரோ, உங்களுக்காகத்தான் சொல்றேன்” என்று பதில் வந்தது. கூடவே வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட் ஒன்று கொடுத்தார். அதை உற்றுப் பார்த்தால் மேலே வண்டியின் பெயர் வேகன் ஆர்.

கார் கைக்கு வந்ததும் ஸ்டீயரிங் வீல், டேஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் நடுங்கியது. கேட்டேன். “ரேஸ் கார் இல்லையா ப்ரோ, அப்படித்தான் இருக்கும்.” இந்த ஒரு பதிலில்தான் இவர்கள் பிழைப்பே நடக்கிறது. கெட்டியான புஷ் போட்டால் சத்தமும் அதிர்வும் கூடும் என்பது உண்மை. அதனால் வேலை சரியாக இருந்தாலும் கார் நடுங்கும், மோசமாக இருந்தாலும் நடுங்கும். வாங்கியவனுக்கு வித்தியாசம் தெரியாது என்ற தைரியத்தில் எதை வேண்டுமானாலும் உள்ளே திணிக்கலாம்.

வித்தியாசம் இருக்கிறது. சரியான பாலி மவுண்ட் ஐட்லிங்கில்தான் அதிகம் நடுக்கும், ஆர்பிஎம் ஏற ஏறப் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் ‘டொக்’ என்று அடிக்காது. அடித்தால் எங்கேயோ இடைவெளி இருக்கிறது, இரும்பு இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். என் கார் கரி ட்ராக்கில் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் அடித்தது. அப்புறம் பிரேக்கில் இடது பக்கம் இழுத்தது. நேராகப் போகும்போதே ஸ்டீயரிங் கோணலாக நின்றது. பிட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திக் கையை விட்டுப் பார்த்தால் இடது லோயர் ஆர்மின் முன்போல்ட் விரலால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போல்ட் அது. இன்னும் சில சுற்று போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கார் ரெக்கவரி வண்டியில்தான் ஊருக்கு வந்தது.

வழக்கமாக வீட்டுக் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ரேஸெல்லாம் அவருக்குப் பிடிக்காது, ஆனால் அவர் கை பட்ட போல்ட் தளராது. ரேம்ப்பில் ஏற்றி டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். “தம்பி, இதுக்கு எவ்வளவுங்க குடுத்தீங்க?” என்றார். தொகையைச் சொன்னதும் டார்ச்சை அணைத்துவிட்டார்.

முதலில் லோயர் ஆர்ம். சிவப்பு புஷ், பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் கம்பெனி பெயரோ பார்ட் நம்பரோ எங்கேயும் இல்லை. இம்போர்ட்டட் செட் என்றால் புஷ்ஷிலேயே அச்சு இருக்கும், தனியாகக் கிரீஸும் பாக்கெட்டில் வரும். இது யாரோ உருளைக் கம்பியிலிருந்து லேத்தில் கடைந்தது, வெட்டுளி ஓடிய வரிகள் அப்படியே தெரிகின்றன. பாலி என்பதிலும் சந்தேகம் இல்லை, ஆனால் சிக்கல் உள்ளே இருக்கிற இரும்புக் குழாயில், அதாவது ஸ்லீவில். பாலி புஷ்ஷில் ஸ்லீவ் புஷ்ஷைவிட ஒரு நூலளவாவது நீளமாக இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது பிராக்கெட் ஸ்லீவைத்தான் கவ்வ வேண்டும், புஷ் அந்த ஸ்லீவின் மேல் சுதந்திரமாகத் திரும்ப வேண்டும். அண்ணன் வெர்னியரை வைத்து அளந்தார். ஸ்லீவ் ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை. பழைய ரப்பர் புஷ்ஷை எரித்து எடுத்த ஸ்லீவையே வெட்டிச் செருகியிருக்கிறார்கள், உள்பக்கம் கரி அப்படியே ஒட்டியிருந்தது. ஆக, போல்ட் கவ்வியது இரும்பை அல்ல, பாலியை. பாலி அழுத்தத்தில் மெல்ல மெல்லப் படியும். படிந்ததும் போல்ட்டின் இறுக்கம் போய்விடும். அதுதான் அன்று விரலால் சுற்றியது. கிரீஸ் என்று வைத்திருந்ததும் வீல் பேரிங்குக்கு வைக்கிற சாதாரண கிரீஸ். பாலிக்கு சிலிக்கான் வகைக் கிரீஸ்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது ரேக். மவுண்டிங் ரப்பர் மாற்றவே இல்லை. கார் பிறந்தபோது வந்த அதே ரப்பர், வெடிப்போடு. கிளாம்ப்பைக் கழற்றியதும் உள்ளிருந்து சுருட்டிய ஒரு கறுப்புப் பட்டை கீழே விழுந்தது. பைக் டியூபை வெட்டி இடையில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். இறுக்கிய மறுநாள் ஸ்டீயரிங் ‘டைட்டாக’ இருந்தது என்று நான் சந்தோஷப்பட்டது இந்த டியூபுக்குத்தான். இங்கே இன்னொரு தந்திரமும் உண்டு. நம் ஊரில் ‘ரேக் புஷ்’ என்றால் இரண்டு சாமானைச் சொல்வார்கள். ஒன்று வெளியே கிளாம்ப்புக்குள் இருக்கும் ரப்பர். இன்னொன்று ரேக்குக்கு உள்ளே, பினியனுக்கு (ரேக்கை நகர்த்தும் பல்சக்கரம்) எதிர்ப்பக்கம் இருக்கும் நைலான் புஷ். ஒன்றைச் சொல்லி விலை பேசிவிட்டு, கேள்வி வந்தால் மற்றதைக் காட்டுவார்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்: “உள்புஷ் மாத்திருக்கோம் ப்ரோ, அது வெளியே தெரியாது.” உள்புஷ் மாற்ற வேண்டுமென்றால் ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைக் கழற்ற வேண்டும். என் டை ராட் லாக் நட்டில் பல வருட மண் கலையாமல் இருந்தது.

மவுண்ட்கள்தான் உச்சம். மூன்றும் பழைய ஒரிஜினல் மவுண்ட்கள். ரப்பர் நடுவில் இருக்கும் வெற்றிடங்களில் எதையோ ஊற்றி நிரப்பி, மேலே கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒன்றை வைஸில் பிடித்து ஹேக்ஸா போட்டோம். மேலே ஒரு சென்டிமீட்டர் வரை கெட்டி. அதற்குக் கீழே பிதுக்கிய பற்பசை மாதிரி கறுப்பாக, ஈரமாக வழிந்தது, பிளேடெல்லாம் அப்பிக்கொண்டது. கார் முன்கண்ணாடி ஒட்டுகிற சீலன்ட். அது காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே இறுகுகிற சரக்கு. ஒரு நாளைக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இறுகும், ஆழம் கூடக் கூட வேகம் இன்னும் குறையும். தடிமனாக ஊற்றினால் நடுப்பகுதி வாரக்கணக்கில் கூழாகவே கிடக்கும். இன்ஜின் அந்தக் கூழில்தான் மிதந்துகொண்டிருந்தது.

போட்டோவை அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதிலை மறக்க முடியாது: “அதுவும் பாலியூரித்தேன்தானே ப்ரோ?” அறிவியல்படி பார்த்தால் சரிதான். அந்த சீலன்ட்டும் பாலியூரித்தேன் வகைதான்! மவுண்டை இப்படி நிரப்புவது உலகம் முழுக்க ஏழை ரேஸர்களின் வைத்தியம் என்பதும் உண்மை. கையில் காசில்லாதவர்கள் ரப்பர் கிழியாத மவுண்டாகப் பார்த்து எடுத்து, அடுக்கடுக்காக ஊற்றி, ஒவ்வொரு அடுக்கும் காய நாள் விட்டுச் செய்வார்கள். இரண்டு பாகம் கலந்து ஊற்றும் பாலி இன்னும் நல்லது, அது முழு ஆழத்துக்கும் ஒன்றாக இறுகும். ‘மவுண்ட் ஃபில்லிங்’ என்று சொல்லி ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. சில நூறு ரூபாய் டியூபை ‘ஆஸ்திரேலியா மவுண்ட்’ என்று 13,500க்கு விற்றதுதான் மோசடி.

கியர் லிங்கேஜ் புஷ் மட்டும் நிஜம். நைலானில் கடைந்து, ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கோவை லேத்துக்காரர் யாரோ அழகாகச் செய்து கொடுத்திருக்கிறார், அவருக்கும் இந்தத் திருட்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்றே நினைக்கிறேன். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

மற்றதற்கு இப்போது போட்டிருப்பது லோயர் ஆர்முக்கும் ரேக்குக்கும் புத்தம் புது ஒரிஜினல் ரப்பர். மவுண்ட்களும் அதேதான். கார் எவ்வளவு மாறிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வயதான காருக்குப் புது கம்பெனி ரப்பர் போட்டாலே ஸ்டீயரிங் பாதி சரியாகிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் பாலி தேவையா என்று யோசிக்க வேண்டும். ஒரு விஷயம், ரப்பர் புஷ் போடும்போது போல்ட்டின் கடைசி இறுக்கம் கார் தரையில் நிற்கும்போதுதான் போட வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும். போட்டியில் ஓட்டுகிறவர்கள் உங்கள் கிளாஸ் விதிகளில் புஷ் மாற்ற அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், போட்டிக்கு முந்தைய சோதனையான ஸ்க்ரூட்டினியில் நிற்கும்போது கேரேஜ்காரர் கூட வர மாட்டார்.

பாலிதான் வேண்டும் என்றால், புஷ்ஷை பாக்கெட்டோடு உங்கள் கையில் வாங்கிப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். என்னிடம் “ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு ப்ரோ” என்றார்கள், காரணம் இப்போது தெரிகிறது. அவையெல்லாம் காருக்குள்ளேயே இருந்தன. ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவுகோல் உள்ள கையடக்க மீட்டர் ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. கார் கம்பெனி ரப்பர் பெரும்பாலும் 50, 60 பக்கம் காட்டும். பாலி 80க்கு மேல் காட்ட வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த எஸ்டிமேட் தாள், வேகன் ஆர் ரிப்போர்ட், அறுத்த மவுண்ட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புகார் போனதும் ஓனர் ‘மவுண்ட் காசை மட்டும் தர்றேன், வீடியோ எதுவும் போடாதீங்க’ என்று இறங்கி வந்திருக்கிறார். முழுத் தொகையும் ரெக்கவரி வண்டி வாடகையும் வராமல் நான் வாபஸ் வாங்கப்போவதில்லை.

சிவப்பு புஷ், அச்சு எதுவும் இல்லை, மவுண்டில் புதுக் கறுப்பு பெயின்ட், கையில் எஸ்டிமேட் தாள். இந்த நான்கும் உங்கள் காரில் பொருந்தினால் அடுத்த ட்ராக் டே வரை காத்திருக்காதீர்கள். இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் போல்ட்டில் இன்றைக்கே ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், தளர்ந்திருந்தால் காரை எடுக்காதீர்கள்.