பழைய கன்ட்ரி இசைத்தட்டுகளுக்கு ஒரு டர்ன்டேபிள், மூன்று ஊசிகள்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவின் பழைய கன்ட்ரி இசையோடு வளர்ந்தவர்கள் அதை ஸ்ட்ரீமிங்கில் தேடிக் கேட்டுவிட்டு, “பாட்டு அதேதான், ஆனா எங்க வீட்டுல ஓடினது இது இல்ல” என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் காது சொல்வது சரிதான். ஜானி கேஷின் ‘ஐ வாக் த லைன்’ பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். மெம்ஃபிஸின் சன் நிறுவனத்துக்காக 1956இல் பதிவான முதல் வடிவத்தில் டிரம் கிடையாது. கேஷ் தன் கிட்டார் நரம்புகளுக்கிடையே ஒரு காகிதத்தைச் செருகி, டிரம்மை நினைவூட்டும் சரசரப்பை வரவழைத்தார். சரணத்துக்குச் சரணம் சுருதி மாறும். அடுத்த சுருதியைப் பிடிக்க அவர் வாய்க்குள் முனகிப் பார்ப்பதும் தட்டில் அப்படியே கேட்கும். பிறகு கொலம்பியாவுக்காக 1964இலும், மெர்க்குரிக்காக 1988இலும் இதே பாட்டை மறுபடி பதிவு செய்தார். மூன்றுக்கும் பெயர் ஒன்று. ஆனால் தாத்தா சன் தட்டை ஓட்டிய வீட்டில் வளர்ந்தவருக்கு மற்ற இரண்டும் அந்நியமாகத்தான் ஒலிக்கும். குடும்ப நினைவு ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு பதிவில்.

ஆகவே வீட்டில் எந்தத் தட்டு இருந்ததோ அதையே, அது பதிவான முறைக்கு ஏற்றபடி ஓட்டுவதுதான் வழி. நாங்கள் நீண்டநாளாகப் பயன்படுத்துவது நிமிடத்துக்கு 33, 45, 78 சுற்று ஆகிய மூன்று வேகங்களும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் கன்ட்ரோலும் உள்ள, மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள். அதில் ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் கார்ட்ரிட்ஜ், ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வகை. இதன் பெரிய வசதி, உடல் ஒன்றாக இருக்க, ஊசியை மட்டும் கையால் இழுத்துக் கழற்றி மாற்றலாம். 33 வேகத்தில் ஓடும் நீண்டநேர வினைல் தட்டான எல்பிக்கு நீள்வட்ட முனை கொண்ட ‘ஈ’ ஊசி, சின்ன 45 தட்டுகளுக்கு உருண்டை முனை கொண்ட ‘சி’, பழைய அரக்குத் தட்டான 78க்கு ‘எஸ்பி’. கன்ட்ரி இசையின் 1920கள் தொடங்கி 1980 வரையிலான தட்டுகளை இந்த மூன்று ஊசிகள் தாங்கிவிடுகின்றன.

ஊசி விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 3 மில், அதாவது சுமார் 76 மைக்ரான் ஆரம் உள்ள முனை வேண்டும். எல்பி ஊசியின் முனை 0.6, 0.7 மில்தான். அதை 78இல் இறக்கினால் பள்ளத்தின் அடிக்குப் போய், அங்கே காலங்காலமாகப் படிந்த தூசியைச் சுரண்டும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும். 78 ஊசியை எல்பியில் இறக்கினால் அது பள்ளத்துக்குள் போகாமல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, எல்பியை ஒரே ஓட்டத்தில் கெடுத்துவிடும். ஆகவே ஊசி மாற்றிய கையோடு வேகத்தையும், ஊசி தட்டை அழுத்தும் எடையையும் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எடையில் ஒரு சிக்கல் உண்டு. சி, ஈ ஊசிகளுக்கு 2 கிராம் போதும். எஸ்பிக்கு 5 கிராம் வேண்டும்; 4.5க்குக் குறையக் கூடாது. பல டர்ன்டேபிள்களில் ஊசிக்கையின் பின்னால் உள்ள எடைச் சக்கரத்தின் எண்கள் 3, 4 கிராமோடு முடிந்துவிடும். எண்ணை நம்பாமல், ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். எடை குறைந்தால் 78இன் உரத்த இடங்களில் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் தட்டைத் தின்னும், எடை அல்ல. ஊசி ஆயுளுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு, உருண்டை முனைக்குச் சுமார் 500 மணி நேரம், நீள்வட்டத்துக்கு 300. அரக்குத் தட்டில் அரைத்த கல்தூளும் களிமண்ணும் நிரப்பியிருப்பார்கள் என்பதால் 78 ஊசி அதற்கு முன்பே தேயும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கழுவுவதிலும் இதே கவனம் வேண்டும். 78இன் பசை இந்தியாவிலிருந்து போன அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். வினைல் எல்பிக்கு வாங்கிய ஆல்கஹால் கலந்த திரவத்தை 78இல் ஊற்றினால் பாட்டே கரைந்து போகும். காய்ச்சி வடித்த நீரில் மணமில்லாத பாத்திரத் திரவம் இரண்டொரு சொட்டு, மென்மையான பிரஷ், பள்ளத்தின் திசையிலேயே தேய்த்தல், பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு அலசல், நிறுத்தி வைத்து உலர்த்தல். லேபிளில் நீர் படக் கூடாது. கொலம்பியாவின் பழைய 78களில் நடுவே காகித அடுக்கு இருக்கும். விளிம்பில் விரிசல் விட்ட தட்டை நனைத்தால் நீர் உள்ளே ஏறி ஊதிவிடும். அதை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு விட்டுவிடுங்கள்.

45 தட்டுகள் தனி உலகம். ஆர்சிஏ விக்டர் 1949இல் இவற்றை அறிமுகப்படுத்தியபோது ஒவ்வொரு இசைவகைக்கும் ஒரு நிறம் கொடுத்தது. கன்ட்ரிக்குப் பச்சை, எடி ஆர்னால்டின் ‘டெக்ஸார்கானா பேபி’ பச்சைத் தட்டாகவே வந்தது. பச்சை 45 கிடைத்தால் அது நல்ல வினைல், பயமில்லாமல் ஓட்டலாம். பயப்பட வேண்டியது பின்னாளில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வந்த 45களுக்கு. கொலம்பியாவின் அமெரிக்க 45களில் பல இந்த வகை. விரலால் தட்டினால் வினைலைவிடக் கூர்மையான ‘டிக்’ சத்தம் வரும். லேபிள் தட்டோடு அழுந்தியிராமல் மேலே ஒட்டியிருக்கும். ஸ்டைரீன் சீக்கிரம் தேயும். நீள்வட்ட ஊசி ஓடினால் பாடகரின் ‘ஸ’ ஒலி ஒவ்வொன்றும் கரகரக்கத் தொடங்கும். அதனால் 45 என்றால் நாங்கள் உருண்டை முனையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. ஆல்கஹால் ஸ்டைரீனுக்கும் ஆகாது.

செலவே இல்லாமல் அதிக பலன் தரும் மாற்றம் மோனோ, அதாவது ஒற்றைச் சேனல் ஒலி. 78கள் எல்லாம் மோனோ. ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்ததே 1957-58இல்தான். மோனோ தட்டில் பாட்டு ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும் கீழும் அசைவதையும் சேர்த்துப் படிக்கும். அந்த அசைவில் இருப்பது தூசியும் கீறலும்தான். ஆம்பிளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்தி இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கினால் மேல்-கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஹேங்க் வில்லியம்ஸின் எம்ஜிஎம் 78 ஒன்றில் இதைச் செய்து பார்த்தால், பொத்தானை அழுத்திய நொடியிலேயே ஸ்டீல் கிட்டார் இரைச்சலுக்குள்ளிருந்து முன்னே வந்து நிற்கும்.

மோனோவிலும் ஒற்றைச் சின்ன ஸ்பீக்கர்தான் இந்தப் பாட்டுகளுக்குப் பொருத்தம் என்பது எங்கள் முடிவு. காரணம் இருக்கிறது. பல வீடுகளில் இந்த இசை முதலில் வந்தது வானொலி வழியே. நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் நிலையம் 1925 நவம்பர் 28இல் தொடங்கிய நிகழ்ச்சிதான் பிறகு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ ஆனது. 650 கிலோஹெர்ட்ஸில் 1932 முதல் 50,000 வாட். இரவில் மீடியம் வேவ் அலைகள் வானத்தில் பட்டுத் திரும்புவதால் பல மாநிலங்கள் தாண்டியும் கேட்டது. மின்சாரம் வராத பண்ணை வீடுகளில் பேட்டரி ரேடியோவைச் சுற்றிச் சனிக்கிழமை இரவு குடும்பமே உட்காரும். பின்னாளில் பக் ஓவன்ஸ் தன் தட்டுகளைக் கார் ரேடியோவில் எடுப்பாகக் கேட்கும்படி ஒலியைக் கூர்மையாகவே கலந்து வெளியிட்டார். பெரிய பாஸ் ஸ்பீக்கரில் அது காதைக் குத்தும். நான்கைந்து அங்குல ஒற்றை ஸ்பீக்கரில் எல்லாம் இடத்தில் உட்காரும்.

அடுத்தது ஈக்குவலைசேஷன்: பதிவின்போது கூட்டிக் குறைத்த உயர், தாழ் சுரங்களை ஓட்டும்போது சமன்செய்வது. நிறுவனங்கள் இதற்கு ஆர்ஐஏஏ என்ற ஒரே வளைவுக்கு வரத் தொடங்கியது 1954இல். ஊசியின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் இன்றைய ஃபோனோ ப்ரீஆம்ப்கள் பெரும்பாலும் அதற்காகச் செய்தவை. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் 1927 கோடையில் டென்னசி-வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டலில் விக்டருக்காகப் பதிவு செய்த கார்ட்டர் குடும்பம், ஜிம்மி ராட்ஜர்ஸ் தட்டுகளை இதில் ஓட்டினால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். பழைய தட்டில் உயர்சுரங்களைத் தூக்கிப் பதிவு செய்யவில்லை. ப்ரீஆம்ப் அப்படித் தூக்கியதாக எண்ணி அவற்றைக் குறைத்துவிடுகிறது. ட்ரெபிளைக் கூட்டி பாஸைக் கொஞ்சம் குறைத்தால் பாதி சரியாகும். மீதியைக் கணினியில் ஈக்குவலைசர் கொண்டு சரிசெய்யலாம்.

தட்டு வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. 1960களில் பழைய மோனோ பதிவுகளைச் செயற்கையாகப் பிரித்து, ‘எலக்ட்ரானிக் ஸ்டீரியோ’ என்ற வகைப் பெயர்களில் மறுவெளியீடு செய்தார்கள். அட்டையில் ‘எலக்ட்ரானிக்கலி ரீபிராசஸ்டு’, ‘டூயோஃபோனிக்’ போன்ற சொற்கள் கண்டால் கீழே வைத்துவிடுங்கள். 1953 புத்தாண்டு நாளில் இறந்துபோன ஹேங்க் வில்லியம்ஸின் குரல்மேல் 1966இல் வயலின் கூட்டத்தை ஏற்றி ஒரு எல்பியே வந்தது. ஒரு வீட்டில் அதுதான் ஓடியது என்றால் அவர்களுக்கு அதுவே உண்மையான ஹேங்க். அதை மறுக்க நாம் யார்? புதிதாக வாங்குவோர் மட்டும் தவிர்க்கலாம். ஸ்டீரியோவில் சந்தேகமில்லாமல் வாங்கத் தகுந்தது, நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற இளைஞர் குழு 1972இல் வெளியிட்ட மூன்று எல்பித் தொகுப்பு ‘வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்’. கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர், ராய் அகஃப், டாக் வாட்சன் போன்ற மூத்த கலைஞர்கள் தங்களைவிட மிக இளைய அந்தப் பையன்களோடு உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இடையில் பேசிக்கொள்வதும் அப்படியே தட்டில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அரிதானவை கடையில் விற்காத தட்டுகள். 1940களில் வில்காக்ஸ்-கே நிறுவனத்தின் ‘ரெக்கார்டியோ’ போன்ற வீட்டுப் பதிவு இயந்திரங்கள் பல குடும்பங்களில் இருந்தன. ரேடியோ, பிளேயர், தட்டு வெட்டும் கருவி மூன்றும் ஒரே பெட்டியில். ரேடியோவில் ஓடும் பாட்டையும் வெட்டலாம், மைக்கில் அத்தை பாடுவதையும் வெட்டலாம். பழைய ஆல்பங்களின் நடுவே ஆறரை, எட்டு, பத்து அங்குலத்தில், பென்சில் எழுத்தோடு, அட்டை அல்லது உலோகத் தகட்டின்மேல் கறுப்புப் பூச்சு பூசிய தட்டு கிடைத்தால் அது இதுவாக இருக்கலாம். அதை உடனே ஓட்டிப் பார்க்கக் கூடாது. பூச்சு மிக மென்மையானது. ஒவ்வொரு ஓட்டத்திலும் தேயும். காலப்போக்கில் பூச்சு சுருங்கி, விரிசல் விட்டு, செதில் செதிலாக உரியும். மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதைப் பூஞ்சணம் என்று எண்ணிவிட வேண்டாம். பூச்சில் கலந்த விளக்கெண்ணெயிலிருந்து கசியும் கொழுப்பமிலம் அது. உலர்ந்த மென்துணியால் மெல்ல ஒற்றலாம். ஆல்கஹால் பூச்சையே கரைக்கும். அட்டைத் தட்டில் நீரும் ஆகாது.

முதல் ஓட்டமே பதிவு ஓட்டமாக இருக்கட்டும். கணினியையும் ஒலி அளவையும் வேறொரு தட்டில் சரிபார்த்துவிட்டு, எஸ்பி ஊசியைக் குறைந்தபட்ச எடையான 4.5 கிராமில் வைத்து, ரெக்கார்டு பொத்தானை அழுத்திய பிறகே ஊசியை இறக்குங்கள். சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும் என்பதால் வெளிவிளிம்பில் ஒலி இல்லையென்றால் உள்விளிம்பைப் பாருங்கள். ஊசி துள்ளினால் தலையில் காசு வைத்து அழுத்தாதீர்கள். பூச்சு உரியத் தொடங்கிய தட்டை ஒலி ஆவணக் காப்பகத்தாரிடம் கொடுப்பதே சரி.

கணினியில் ஏற்றும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மூன்று நிமிடத்துக்கு 100 எம்பியைச் சற்றே தாண்டும். உச்ச ஒலி −6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மோனோ தட்டானாலும் இரண்டு சேனல்களையும் தனித்தனியாகவே பதியுங்கள்: பள்ளத்தின் ஒரு சுவர் மற்றதைவிடக் குறைவாகத் தேய்ந்திருக்கலாம், பிறகு நல்லதை எடுத்துக்கொள்ளலாம். கிளிக் நீக்கும் மென்பொருளை அளவாகப் பயன்படுத்த வேண்டும். மேபெல் கார்ட்டர் கிட்டாரில் கட்டைவிரலால் தாழ்சுர நரம்புகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் உயர்சுர நரம்புகளைத் தட்டுவார். அந்தத் தட்டலின் தொடக்கத்தை மென்பொருள் கீறல் என்று எண்ணி மழித்துவிடும். இரைச்சலோடு கூடிய மூலக் கோப்பு ஒன்று எப்போதும் தனியாக இருக்க வேண்டும்.

எட்டு டிராக் டேப்புகள் பற்றிக் கொஞ்சம். லாரியிலும் காரிலும் கன்ட்ரி இசையைச் சுமந்தவை இவை. பெட்டிக்குள் டேப்பை அழுத்தும் ஸ்பாஞ்சு பொடியாகிப் போயிருக்கும். டேப் முனைகளை இணைக்கும் உலோகப் பட்டையின் பசை காய்ந்திருக்கும். இரண்டையும் மாற்றாமல் டெக்கில் போட்டால் முதல் சுற்றிலேயே டேப் அறுந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ரப்பர் உருளை இளகித் தார் போல ஒட்டினால் அந்தப் பெட்டியை டெக்கில் சொருகவே வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து குடும்பத்தின் பழைய பிளேயரையே கொண்டுவர நினைப்பவர்கள் 120 வோல்ட் மாற்றி வாங்கினால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். பழைய ஏசி மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள 50 ஹெர்ட்ஸில் 78ஐ 65ஆகச் சுற்றும். பாடகி பேட்சி கிளைனின் குரல் மூன்று அரைச்சுரம் இறங்கி ஆண் குரலாகிவிடும். மோட்டார் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும், அல்லது 60 ஹெர்ட்ஸ் தரும் இன்வெர்ட்டர் வேண்டும். குவார்ட்ஸ் கட்டுப்பாட்டு டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வோல்ட் மட்டும் பொருந்தினால் போதும்.