“ஏ.டி.எஸ். ஸ்கோர் 41” என்று காட்டினால் பணம் கட்டிவிடாதீர்கள்

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் பையன் போன வாரம் படியிறங்கி வந்து போனை என்னிடம் நீட்டினான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஏழு மாதமாக வேலை தேடுகிறான். திரையில் ஒரு சிவப்பு வட்டம், அதற்குள் 41. “அண்ணா, என் ரெஸ்யூம் கம்ப்யூட்டரையே தாண்டாதாம். 1,499 ரூபாய் கட்டினா சரி பண்ணித் தருவாங்களாம்” என்றான். அந்தச் சிவப்பு வட்டம் எனக்குத் தெரிந்ததுதான். போன வருடம் அதே பக்கத்தில் எனக்கு 43 காட்டியது. நான் பணம் கட்டினேன். அவனும், அவனைப் போல இன்று வேலை தேடிக்கொண்டிருக்கும் வேறு யாரும் கட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் 11 வருடம் இருந்தேன். நாங்கள் பார்த்த லைனையே நிறுத்திவிட்டார்கள், வேலை போனது. மூன்று மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அப்ளை செய்தும் ஒரு கால் கூட வரவில்லை. வீட்டுக் கடன் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் ‘இலவச ஏ.டி.எஸ். பரிசோதனை’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. ஏ.டி.எஸ். என்பது கம்பெனிக்கு வரும் விண்ணப்பங்களை வாங்கிப் பிரித்து வைத்து, ஹெச்.ஆர். தேடும்போது எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். வொர்க்டே, டலியோ, கிரீன்ஹவுஸ், நம் ஊர் ஜோஹோ ரெக்ரூட் எல்லாம் அந்த வகைதான்.

ரெஸ்யூமை ஏற்றிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பெண் போனில் பேசினார். “சார், 75 சதவீத ரெஸ்யூமை மெஷினே தூக்கிப் போட்டுடும். மனுஷங்க கண்ணுலயே படாது. உங்களோடது அந்த 75-ல இருக்கு” என்றார். மூன்று மாத மௌனத்துக்கு ஒரு காரணம் கிடைத்ததும் அப்படியே நம்பிவிட்டேன். முதலில் 1,499. அடுத்த நாள் ‘ஏ.டி.எஸ். உத்தரவாதம்’ என்று 3,999. அப்புறம் கவர் லெட்டருக்கும் லிங்க்ட்இன் பக்கத்துக்கும் 2,499. மொத்தம் 7,997 ரூபாய், எல்லாம் ஜிபேயில். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு “மெயில்ல வரும் சார்” என்றார்கள். இன்றுவரை வரவில்லை. 60 நாளில் 10 இன்டர்வியூ கால் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தார்கள். நாங்களே அப்ளை செய்கிறோம் என்று நௌக்ரி வேலைத் தளத்தின் பாஸ்வேர்டைக் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். அது பெரிய தப்பு. எனக்குச் சம்பந்தமே இல்லாத விற்பனை வேலைகளுக்கெல்லாம் என் பெயரில் விண்ணப்பம் போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

அவர்கள் அனுப்பிய ரெஸ்யூம் பார்க்க நன்றாகவே இருந்தது. பக்கத்தை இடம் வலமாகப் பிரித்து இரண்டு பத்தி, மேலே நீலப் பட்டையில் பெயரும் போன் நம்பரும், திறமைகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள். கூடவே ‘ஸ்கோர் 94’ என்று ஒரு சான்றிதழ். மனைவியிடம் காட்டிச் சந்தோஷப்பட்டேன்.

60 நாளில் வந்தது ஒரே ஒரு அழைப்பு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியிலிருந்து. அதுவும் போனில் இல்லை, மெயிலில். நேரில் போய் உட்கார்ந்ததும் ஹெச்.ஆர். மேடம் கேட்ட முதல் கேள்வி: “சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட் எந்த வருஷம் வாங்கினீங்க?” குவாலிட்டி வேலையில் அது ஒரு உயர்நிலைச் சான்றிதழ்.

“என்கிட்ட அது இல்லையே மேடம்.”

அவர் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். அதில் இருந்தது என் அழகான ரெஸ்யூம் அல்ல. அதிலிருந்து அவர்களுடைய மென்பொருள் உறிஞ்சி எடுத்த வெறும் எழுத்து. அதன் அடியில் சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட், பைத்தான், எஸ்.ஏ.பி. என்று நான் தொட்டே பார்க்காத இருபது முப்பது வார்த்தைகள் வரிசையாக நின்றன. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக எழுதி ஒளித்திருக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மென்பொருள் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடுவதால் அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. 11 வருடத்தில் ஒரு ரிப்போர்ட்டில்கூட பொய் அளவு எழுதாதவன் நான். ஒரு பொய்யனாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் என்னைத் திட்டி அனுப்பாமல் கால் மணி நேரம் விளக்கினார். போன் நம்பர் கட்டம் காலியாக இருந்தது. நீலப் பட்டையில் இருந்ததை மென்பொருள் எடுக்கவே இல்லை. படிவத்தில் நானே தட்டிய மெயில் இருந்ததால்தான் அழைக்க முடிந்ததாம். இரண்டு பத்தியையும் குறுக்கே சேர்த்துப் படித்ததில் கம்பெனி பெயரும் வருடங்களும் திறமைகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன.

ஸ்கோரைப் பற்றியும் கேட்டேன். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான ஏ.டி.எஸ். ஸ்கோர் என்று ஒன்று கிடையாது என்றார். சில மென்பொருள்கள் அந்தந்த வேலையின் விவரத்தோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தும், அவ்வளவுதான். வெளியே இருக்கும் ஒரு கடை, எந்த வேலைக்கு என்றே கேட்காமல் 43 என்று சொன்னால், அது அந்தக் கடை போட்ட எண். அந்த 75 சதவீதத்தைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ரெஸ்யூம் சேவை விற்ற ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பேச்சில் கிளம்பியது அது. பின்னால் எந்த ஆய்வும் இல்லை. அந்த நிறுவனமும் 2013-இல் மூடப்பட்டுவிட்டது.

அதற்காக வடிகட்டலே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், தகுதியுள்ளவர்களும் கேட்ட நிபந்தனைகளுக்கு அச்சு அசலாகப் பொருந்தாததால் கழிக்கப்படுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அங்கே கழிப்பது கம்பெனி வைக்கும் நிபந்தனை. எத்தனை வருட அனுபவம், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, எந்த ஊர் என்று அப்ளை செய்யும்போது கேட்கும் கேள்விகளில் ஒரு பதில் ஒத்துவராவிட்டாலே ஆளைத் தள்ளிவிட முடியும். அதை நட்சத்திரம் போட்ட ரெஸ்யூம் மாற்றாது.

என் பழைய ரெஸ்யூமுக்கு ஏன் கால் வரவில்லை என்பதற்கு மேடம் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது. பதவி என்ற இடத்தில் ‘ஆபீசர் கிரேடு 2’ என்று போட்டிருந்தேன். அது எங்கள் தொழிற்சாலைக்குள் மட்டும் புழங்கிய பெயர். ஹெச்.ஆர். தேடுவது ‘குவாலிட்டி இன்ஜினியர்’, ‘பிபிஏபி’, ‘எஃப்எம்இஏ’, ‘ஐஏடிஎஃப் 16949’ போன்ற, வாகன உதிரிபாகத் தொழிலில் குவாலிட்டி வேலைக்குப் பொதுவாகப் புழங்கும் வார்த்தைகளை. இவை எல்லாம் நான் தினமும் செய்த வேலை, ஆனால் ரெஸ்யூமில் ‘தரம் சார்ந்த அனைத்துப் பணிகளும்’ என்ற ஒரே வரிக்குள் புதைத்திருந்தேன். வேலை விளம்பரத்தில் இருக்கும் சொல்லையே, நீங்கள் உண்மையில் செய்திருந்தால், அதே சொல்லாக எழுதுங்கள். சுருக்கத்தையும் முழுப் பெயரையும் ஒரு தடவை சேர்த்துப் போடுங்கள்.

காசு செலவில்லாத சோதனை ஒன்றும் சொன்னார். ரெஸ்யூம் பி.டி.எஃப்.-ஐத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயர், போன், கம்பெனி, வருடம் எல்லாம் மேலிருந்து கீழே ஒழுங்காக வந்தால் போதும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ஃபைல் வெறும் படம். வேறு யாராவது எழுதித் தந்ததாக இருந்தால் இதைச் செய்யாமல் எங்கேயும் அனுப்பாதீர்கள், உங்களுக்குத் தெரியாத வார்த்தை ஏதாவது உள்ளே இருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 200 இடங்களுக்கு அப்ளை செய்த ஸ்கிரீன்ஷாட் வேண்டும் என்றார்கள். நௌக்ரியிலிருந்து அதையும் எடுத்து அனுப்பியதும் ‘ரீஃபண்ட் பிராசசிங்’ என்று 999 கேட்டார்கள். அங்கே நிறுத்தினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

நானே எழுதிய ஒற்றைப் பத்தி ரெஸ்யூமை வைத்துத்தான் இப்போது இருக்கும் வேலை கிடைத்தது. பையன் போனை நீட்டிய அன்று, அவனும் நானும் அதை அந்தப் பக்கத்தில் ஏற்றிப் பார்த்தோம். 39. அப்புறம் அவர்களே எழுதி, 94 என்று சான்றிதழும் கொடுத்த அந்த ஃபைலைத் தேடி எடுத்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், பையனுடைய மெயிலில் இருந்து ஏற்றினோம். அதே சிவப்பு வட்டம், 42.