ஓடூவின் தானியங்கி விதிகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஓடூ என்பது விற்பனை, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் வணிக மென்பொருள். ஒன்று நடந்தால் இன்னொன்றைத் தானாகச் செய் என்று அதற்குச் சொல்லிவைப்பதுதான் தானியங்கி விதி. 14-ஆம் பதிப்பில் தொடங்கி இப்போது 17 வரை இந்த விதிகளை அந்த மூன்றிலும் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக அமைக்கிறவர்கள் முதலில் கேட்பது, மெயில் எப்படி அனுப்புவது என்பதைத்தான். அது ஐந்து நிமிட வேலை. எப்போது அனுப்பக் கூடாது என்பதை விதிக்குப் புரியவைப்பதில்தான் மீதி நேரமெல்லாம் போகிறது.

டெவலப்பர் மோடைப் போட்டால்தான் செட்டிங்ஸில் டெக்னிக்கல் மெனு தெரியும், விதிகள் அதற்குள் இருக்கின்றன. கட்டணம் இல்லாத கம்யூனிட்டி பதிப்பிலும் இந்த வசதி உண்டு. எந்த மாடல் (ஆர்டர், இன்வாய்ஸ் போன்ற ஆவண வகை), எந்த நேரத்தில், என்ன நிபந்தனையில், என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் விதி தயார்.

ஒரு உதாரணம். தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டிய ஆர்டர் உறுதியானதும் மேலாளருக்குத் தெரிய வேண்டும். தள்ளுபடி இருப்பது ஆர்டரில் இல்லை, அதற்குள் ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கும் வரிசையில். அதனால் நிபந்தனையை அந்த வரிசைகளின் வழியாக எழுத வேண்டும். அதை எழுதி, 'மாற்றும்போது' என்று ட்ரிக்கர் (விதியை எப்போது இயக்குவது என்ற தேர்வு) வைத்துவிட்டால் எல்லாம் சரியாக நடப்பது போலத்தான் தெரியும். ஆனால் உறுதியான ஆர்டரில் யாராவது டெலிவரி குறிப்பைத் திருத்தி சேமித்தாலும் நிபந்தனை இன்னமும் உண்மைதானே? மறுபடி ஒரு மெயில் போகும். இதற்காகவே 'மாற்றத்துக்கு முந்தைய நிபந்தனை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'நிலை இன்னும் உறுதியாகவில்லை' என்றும், பிந்தைய நிபந்தனையில் 'உறுதியானது' என்றும் கொடுத்தால், நிலை தாண்டும் அந்த ஒரு தருணத்தில் மட்டும் விதி இயங்கும். பலர் காலியாகவே விட்டுவிடும் கட்டம் இது. என்னைக் கேட்டால் முழு வசதியிலும் முக்கியமானது இதுதான். 17-இல் 'நிலை இதுவாக மாறும்போது', 'டேக் சேர்க்கும்போது' போன்ற தயார் ட்ரிக்கர்கள் வந்துவிட்டதால் இந்த வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அடுத்தது நேரம் சார்ந்த விதிகள். 'இன்வாய்ஸ் கெடு தேதி கழிந்து 3 நாள்' என்ற வகை. சொன்ன நொடியில் இவை இயங்காது, பின்னணியில் ஓடும் ஒரு வேலை அவ்வப்போது வந்து பார்க்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பது உங்கள் விதிகளில் மிகச் சிறிய கால அளவில் பத்தில் ஒரு பங்கு. குறைந்தது 1 நிமிடம், அதிகபட்சம் 4 மணி நேரம். ஒரு நாள் விதி மட்டும் இருந்தால் 144 நிமிடத்துக்கு ஒருமுறை. அதனால் 'சரியாக ஒன்பது மணிக்கு வரும்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். போதாக்குறைக்கு நேரக் கணக்கெல்லாம் உள்ளே நம் உள்ளூர் நேரத்தில் இல்லை, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. புதிய விதி முதன்முறை ஓடும்போது, கெடு கழிந்த பழைய இன்வாய்ஸ்கள் அத்தனையும் அதன் கண்ணில் படும். வாடிக்கையாளருக்கு மெயில் போகும் விதி என்றால், 'இந்தத் தேதிக்குப் பிறகு உருவானவை மட்டும்' என்று ஒரு நிபந்தனை சேர்த்த பிறகே இயக்குங்கள். இரண்டாவது இதற்கு நேர் எதிர்: அந்தக் குறிப்பிட்ட நேரம் கடந்துபோகும் சமயத்தில் இன்வாய்ஸ் வரைவு நிலையில் இருந்து, பிறகுதான் உறுதி செய்யப்பட்டால், விதி அதைத் திரும்பிப் பார்க்காது. இப்படி விட்டுப்போவதைப் பிடிக்க, கணக்குப் பிரிவில் வாரம் ஒருமுறை பட்டியலைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை நாங்கள் விடவில்லை.

ஸ்டாக் குறைந்தால் அலர்ட் வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். பொருளின் கையிருப்பு எண் டேட்டாபேஸில் சேமிக்கப்படுவதில்லை, பார்க்கும்போது கணக்கிடப்படுவது. ஆகவே அதன் மீது 'மாறும்போது' விதி வேலை செய்யாது. அப்புறம், இதற்கு அலர்ட்டே எதற்கு? குறைந்தபட்சம், அதிகபட்சம் கொடுத்து மறுகொள்முதல் விதி வைத்தால் கொள்முதல் வரைவே தானாக உருவாகிவிடும். அதைச் சரிபார்த்து அனுப்ப ஒரு ஆள் போதும்.

நாள்பட நான் செய்த பெரிய மாற்றம், உள்ளே இருப்பவர்களுக்கு மெயிலை நிறுத்தியதுதான். அதற்குப் பதிலாக 'ஆக்டிவிட்டி', அதாவது செய்ய வேண்டிய வேலைக்கான குறிப்பு, ஒன்றை உருவாக்கச் சொல்கிறேன். ஆர்டரிலேயே ஒட்டிக்கொண்டு, ஒருவர் பெயரும் கெடு தேதியும் போட்டு நிற்கும். முடித்துவிட்டேன் என்று குறித்தாலோ ரத்து செய்தாலோதான் போகும், யார் முடித்தார் என்பது ஆவணத்தோடு இருக்கும் செய்திப் பகுதியான சாட்டரில் பதிவாகும். பத்துப் பேருக்குப் போகும் மெயிலை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். ஆக்டிவிட்டியில் அந்தச் சாக்கு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆளின் பெயரை நேரடியாகக் கொடுக்காமல், 'ஆவணத்தின் விற்பனையாளர்' என்பது போல ஆவணத்தில் இருக்கும் ஒரு ஃபீல்டை (தகவல் கட்டத்தை) காட்டுங்கள். ஆள் வேலையை விட்டுப் போகும்போது இதன் அருமை தெரியும்.

விதிக்குள் பைத்தான் என்ற நிரல்மொழியில் கோடு எழுதும் வசதியைக் கூடிய மட்டும் தொடுவதில்லை. கோடில் பிழை இருந்தால் ஆர்டரைச் சேமிக்கிறவர் திரையில்தான் அது வெடிக்கும், சேமிக்கவும் முடியாது. அவருக்கும் அந்தக் கோடுக்கும் சம்பந்தமே இருக்காது.

குறை என்றால், எந்த விதி எப்போது எந்த ஆவணத்தில் இயங்கியது என்று ஒரே இடத்தில் காட்டும் பதிவேடு கிடையாது. விதிகள் ஐம்பதைத் தாண்டினால் தேடுவது பெரும்பாடு. அதனால் விதியின் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம்: 'ஆர்டர் உறுதி – தள்ளுபடி 15க்கு மேல் – மேலாளருக்கு ஆக்டிவிட்டி'. வேண்டாதவற்றை அழிப்பதில்லை, இயங்காமல் ஒதுக்கிவைக்கும் ஆர்க்கைவ் செய்கிறோம். எப்படியும் ஆறு மாதத்தில் யாராவது வந்து, முன்பு ஒரு அலர்ட் வருமே, அது எங்கே என்று கேட்பார்கள்.