நிழல் உண்டு, நேரம் போதாது: பாளையங்கோட்டையில் ஒரு சிறு பூங்கா

பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், கடைகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது இந்தப் பூங்கா. பரப்பில் ஒரு கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்துமிடத்தைவிடப் பெரிதில்லை. ஆனால் வேம்பும் புங்கையும் வயதேறியவை. சித்திரை வெயிலிலும் அவற்றின் அடியிலுள்ள சிமெண்ட் பெஞ்சுகள் சுடுவதில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, சாரலைக் குற்றாலத்தோடு விட்டுவிட்டு வெறுங்காற்றாக இங்கே வந்து சேரும்போது, எழுந்துபோக மனம் வராது.

எட்டு வடிவ நடைபாதை எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே பார்க்கவேண்டியது மேற்கு மூலைப் பெஞ்சை. மாலை ஐந்து மணிக்குமேல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஒரே நாளிதழைத் தாள்தாளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். குடிநீர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது, எந்தத் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய குழி மூடப்படவில்லை என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கான மனுவாக மடியில் வைத்தே எழுதப்பட்டு, நடைபயிற்சிக்கு வருபவர்களிடம் கையெழுத்தும் வாங்கப்படுகிறது. வெட்டவெளியில் கூடிப் பேசுவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசியது தாமிரபரணிக் கரையில்தான். அவர்கள் கைதானதை எதிர்த்து 13ஆம் தேதி எழுந்த கிளர்ச்சியில் நால்வர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அந்த வரலாற்றின் கனத்தை இந்தச் சிறு பூங்காவின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஆயினும் ஒரு காபிகூட வாங்காமல் நாலு பேர் உட்கார்ந்து பேச, கடைவீதியில் வேறு இடம் ஏது?

பெருங்குறை திறக்கும் நேரம். காலை பத்து மணிக்குப் பூட்டிவிட்டு மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கிறார்கள். ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்கு வந்துவிட்டு ஊர் திரும்பப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என, நிழல் மிகுதியும் தேவைப்படுவோர் உச்சிவேளையில் கம்பிக்கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். ஓடாத செயற்கை நீரூற்றுக்குச் செலவழித்த பணத்தில் பகல்நேரக் காவலாளி ஒருவரை அமர்த்தியிருக்கலாம். பெண்கள் கழிப்பறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. இதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

ஊஞ்சல்களும் சறுக்கும் நன்றாக உள்ளன. உடற்பயிற்சிக் கருவிகளில் பாதி துருப்பிடித்தவை. இருட்டியபின் கொசு அதிகம். குழந்தைகளோடு செல்வோர் ஆறரைக்குள் கிளம்பிவிடுவது நல்லது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். பகலிலும் கதவு திறந்திருந்தால் நான்கு தருவேன்.