பழைய பெல்லட் அடுப்பு: அடிவாரத்துக்கு ஒரு கணக்கு, ஏற்காட்டுக்கு ஒரு கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூடிவிட்ட ஒரு மெஸ்ஸின் பின்கட்டில் அந்த அடுப்பு இருந்தது. கேட்ட விலை 9,000 ரூபாய். அதே அளவில் புதிய அடுப்புக்கு எங்களுக்குச் சொன்ன விலை 24,000. அதனால் அதன்மேல் இரண்டு பேருக்குக் கண். ஏற்காடு அடிவாரத்தில் மெஸ் நடத்தும் என் அக்காவுக்கு ஒரு கண். மலைமேல் ஆறு அறை வைத்துத் தங்குமிடம் நடத்தும் சின்ன மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவரான மாமாவின் தம்பிக்கு, இன்னொரு கண். வீட்டில் கால்குலேட்டரைத் தொடுகிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

பெல்லட் என்றால் மரத்தூள், கடலை ஓடு மாதிரியானவற்றை அழுத்தி விரல் நீளத்துக்கும் குறைவான குச்சிகளாக்கியது. அடுப்பில் ஒரு சின்ன புளோயர் இருக்கும். அடியிலிருந்து வரும் காற்று பெல்லட்டைக் கனலவைத்துப் புகையைக் கிளப்பும். மேல் விளிம்பைச் சுற்றியிருக்கும் துளைகளில் இருந்து வரும் இன்னொரு காற்று அந்தப் புகையையே எரித்துவிடும். விறகு அடுப்பில் கண்ணைக் கரித்துவிட்டுக் கூரைக்குப் போகிற புகை இங்கே எரிபொருள். அந்த மேல் துளைகள் அடைத்தாலோ புளோயர் மக்கர் செய்தாலோ இது வெறுமனே புகைகிற டிரம்தான்.

முதல்நாள் நாங்கள் போய்ச் சேரும்போதே அடுப்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. "பாருங்கக்கா, கேஸ் மாதிரியே எரியுது" என்றார் விற்கிறவர். பொய்யில்லை, அப்படித்தான் எரிந்தது. ஆனால் நன்றாகச் சூடேறிய பிறகு எந்த ஓட்டை அடுப்பும் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் எரியும். "அணைச்சு வைங்க, காலையில வர்றோம்" என்று மாமா சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் மாறியது.

மறுநாள் குளிர்ந்த அடுப்பைப் பிரித்துப் பார்த்தோம். அடியில் பெல்லட் உட்காரும் கிரேட்டில் ஆறு கம்பிகள். நடுவில் இரண்டு, பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அந்த இடைவெளி வழியாக, பாதி எரிந்த பெல்லட் சாம்பல் தட்டில் விழுந்து கிடந்தது. நாம் காசு கொடுத்து வாங்குகிற பெல்லட் அது. மேல் துளைகளில் மூன்றில் ஒன்று கரியால் அடைபட்டிருந்தது. அக்கா தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி இரண்டு துளைகளைக் குத்தித் திறந்து காட்டினாள். புளோயரைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. அது பேரிங், சின்ன செலவு. உள்சுவர்ப் பூச்சில் மெல்லிய கீறல்கள் இருந்தன, பெயரவில்லை. கிரேட்டில் உருகி ஒட்டி இறுகியிருந்த சாம்பல் கட்டியைப் பார்த்ததும், இதில் மண் கலந்த மலிவு பெல்லட் போட்டு எரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மரத்தூள் பெல்லட் எரித்தால் சாம்பல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் நிற்கும். உமி கலந்தால் சாம்பலும் கட்டியும் அள்ளி மாளாது.

அப்புறம்தான் உண்மையான சோதனை. அக்காவின் குண்டானையும் தராசையும் கையோடு கொண்டுபோயிருந்தோம். 20 லிட்டர் தண்ணீர், மூடி போட்டு, 30 டிகிரியிலிருந்து கொதி வரும்வரை. இதற்குத் தேவையான வெப்பம் 1,400 கிலோகலோரி. நல்ல பெல்லட் ஒரு கிலோவில் சுமார் 4,000 கிலோகலோரி இருக்கிறது. புளோயர் வைத்த இந்த வகை அடுப்புக்கு ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தரநிலை கேட்கும் குறைந்தபட்சத் திறன், அதாவது வெப்பத்தில் பாத்திரத்துக்குள் போக வேண்டிய பங்கு, 35 சதவீதம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ பெல்லட்டில் 20 லிட்டர் கொதிக்க வேண்டும்.

இந்த அடுப்பு 1.4 கிலோ தின்றது. அப்படியென்றால் திறன் 25 சதவீதம். புளோயரே இல்லாத சாதா அடுப்புக்கு அதே தரநிலை கேட்கிற அளவு அது. ஊதுகிற காற்றெல்லாம் வீண்.

சரி, கேஸில் என்ன ஆகும்? ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 11,000 கிலோகலோரி. பர்னர் நன்றாக இருந்து, தீ பாத்திரத்துக்கு வெளியே வழியாமல் எரித்தால் 65 சதவீதம் பாத்திரத்துக்குள் போகும். 200 கிராமில் அதே தண்ணீர் கொதித்துவிடும். 19 கிலோ சிலிண்டர் 1,900 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். மாதம் பிறந்தால் மாறுகிற விலை, கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான். ஆக ஒரு குண்டான் தண்ணீருக்கு கேஸ் செலவு 20 ரூபாய்.

அடிவாரத்தில் இறக்கிக் கொடுக்க பெல்லட் கிலோ 12 ரூபாய் என்றார்கள். நல்ல அடுப்பென்றால் குண்டானுக்கு 12 ரூபாய். இந்த அடுப்பென்றால் 16 ரூபாய் 80 காசு. அக்கா கடையில் மாதம் எட்டு சிலிண்டர் போகிறது. அதில் ஐந்து, சோறும் சாம்பாரும் வெந்நீருமாக ஒரே இடத்தில் நின்று கொதிக்கிற வேலைக்கு. ஒரு சிலிண்டர் 95 குண்டான் கொதிக்கவைக்கும் என்பதால், அந்த ஐந்தை மாற்றினால் நல்ல அடுப்பில் மாதம் 3,800 ரூபாய் மிச்சம், இந்த அடுப்பில் 1,520 மட்டும். புதுசுக்கும் பழசுக்கும் உள்ள 15,000 ரூபாய் வித்தியாசம் ஏழு மாதத்துக்குள் கரைந்துவிடும். இப்படியே வாங்கினால் 9,000 ரூபாய் அடுப்புதான் விலை அதிகம் என்று சொன்னேன். மாமா கால்குலேட்டரை வாங்கி அவரே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

தோசைக்கல், ஆம்லெட், டீக்கெல்லாம் பெல்லட்டை நினைக்கவே வேண்டாம். கேஸ் திருகினால் எரியும், திருகினால் நிற்கும். பெல்லட் பற்றிக்கொள்ளவே பத்து நிமிடம், அதுவரை புகை. வேலை முடிந்தாலும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். மணிக்கொரு முறை பெல்லட் போட ஓர் ஆள் நினைவு வைத்திருக்க வேண்டும். மதியக் கூட்டத்தில் யாருக்கு அந்த நினைவு? கேஸ் செலவைக் குறைக்கச் சிலர், விலை குறைந்த வீட்டு சிலிண்டரைக் கடைக்குள் ஒளித்து வைத்துச் சமாளிக்கிறார்கள். அது சட்டப்படி தப்பு, மாட்டினால் சிலிண்டரும் போகும்.

விறகைச் சட்டென்று கடந்துவிடலாம். பழைய மண் அடுப்பில் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் தேறும். கிலோ 6 ரூபாய் விறகு மூன்று கிலோவுக்கு மேல் பிடிக்கும். செலவு கேஸ் அளவுக்கே வந்துவிடுகிறது. மேலே புகையும் கரிப்பாத்திரமும் இலவசம். இண்டக்‌ஷனில் ஒரு குண்டானுக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, வணிக இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்று பார்த்தால் 19 ரூபாய். ஆனால் அக்காவின் அலுமினியக் குண்டான் ஒன்றுகூட அதில் சூடேறாது.

இனி மலைக்கணக்கு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பெல்லட் கிலோ 15 ரூபாய் ஆகிவிடுகிறது. நல்ல அடுப்பிலேயே குண்டானுக்கு 15 ரூபாய். இந்த அடுப்பில் 21, கேஸைவிட ஒரு ரூபாய் கூட. சிலிண்டரும் மலையேறத்தானே வேண்டும் என்றார் சின்ன மாமா. வேண்டும்தான், ஆனால் ஒரு சிலிண்டர் ஏற்றுவதும் அதற்கு ஈடாக இந்த அடுப்புக்கு 133 கிலோ பெல்லட் மூட்டை ஏற்றுவதும் ஒன்றா?

அடுத்தது பனிமூட்டம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் துவைத்த துணியே நாலு நாள் காயாது. பெல்லட்டில் ஈரம் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெறுந்தரையில் போட்ட மூட்டை ஈரம் இழுத்து ஊதிப்போய், கடைசியில் மறுபடி மரத்தூளாகவே கையில் வரும். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் சோறு வேகவும் நேரம் கூடும். அதாவது அடுப்பு இன்னும் கொஞ்ச நேரம் தின்னும்.

எனக்குப் பெரிய பயம் வேறு. சின்ன மாமா வீட்டுச் சமையலறை, குளிருக்காக ஜன்னலை எப்போதும் மூடியே வைத்திருக்கிற அறை. கங்கு கனன்றுகொண்டிருக்கும் அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும்; நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ராத்திரி குளிருகிறது என்று அந்த அடுப்பை யாராவது அறைக்குள் நகர்த்தி வைத்தால் விடிந்து எழுந்திருக்க மாட்டார்கள். இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை சிரித்தார்.

அவருக்கு வேண்டியது ஆறு அறைக்குக் குளிக்க வெந்நீரும் காலை டிபனும்தான். பக்கத்துக் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது கிளைகள் மலிவாகவே கிடைக்கின்றன. முற்றத்தில் இருக்கிற புகைபோக்கி வைத்த விறகு பாய்லர் அதற்குப் போதும், சமையலுக்கு கேஸ். அவர் விலகிக்கொண்டார்.

அக்கா விலகவில்லை. 1.4 கிலோ எழுதிய சீட்டை விற்கிறவரிடம் காட்டியதும் 9,000 என்பது 7,500 ஆனது. கிரேட்டைக் கையில் எடுத்துக் காட்டியதும் 6,000. சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புது கிரேட் 1,800 ரூபாய்க்கு அடித்தோம். சாதா இரும்பில் 700 ரூபாய்க்கே முடித்துத் தருகிறேன் என்றார் பட்டறைக்காரர். அது சூட்டில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும் என்று வேண்டாமென்றோம். பேரிங் 250. மொத்தம் 8,050. துளைகளை எல்லாம் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி 20 லிட்டர் வைத்தபோது 1.1 கிலோவில் கொதித்தது. மாதம் 3,230 ரூபாய் மிச்சம், போட்ட காசு இரண்டரை மாதத்தில் திரும்பிவிடும்.

போன வாரம் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்திய அன்று, சாம்பார் பாதி கொதிக்கும்போது புளோயர் நின்றது. கடை முழுக்கப் புகை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். அன்றிலிருந்து மாமா இன்வெர்ட்டருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அம்மாபேட்டையில் ஒன்று இருக்கிறதாம், அதுவும் பழசு.